கேம் போட்டா பொட்டி ஏன் ஹேங் ஆகுது? – ஒரு வரலாற்று விசாரணை

நம்ம ஊர்ப்பக்கம் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா விசாரணை ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிரும்.

"எப்பல நின்னுச்சு?"
"கேம் ஆடிக்கிட்டு இருக்கும்போது."
"கேம் ஏத்துனது யாரு?"
"நான்தான்."

அவ்வளவுதான், தீர்ப்பு வாசிச்சாச்சு. கேம் ஆடி கம்ப்யூட்டரைக் கெடுத்த பையன்னு பேரு. ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில்னு எந்த ஊரா இருந்தாலும், 2000-களில் தெருவுக்கு ஒண்ணு ரெண்டுன்னு டெஸ்க்டாப் வந்த காலத்துல இந்தத் தீர்ப்பு மட்டும் மாறவே இல்லை. சர்வீஸ் பண்ண வர்ற அண்ணாச்சியும் சைடு பேனலைத் திறக்காமலே "வைரஸ் இருக்கு சார், பார்மட் அடிச்சிரலாம்"னு சொல்லுவார். பார்மட் அடிப்பாங்க. பத்து நாள் கழிச்சு வைஸ் சிட்டியில பைக் எடுத்து பாலத்துக்குப் போறதுக்குள்ள மறுபடியும் "டுர்ர்ர்ர்ர்"னு ஒரு சத்தம், படம் அப்படியே உறைஞ்சு நிக்கும்.

ஆபீஸ்ல ஆணி புடுங்குறது போக மிச்ச நேரத்துல பழைய ஹார்ட்வேர் கதைகளைப் படிக்கிறது நம்ம பொழுதுபோக்கு. அப்படிப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிஞ்சது. இந்த ஹேங் ஆகுற வியாதிக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கு. அதுல பல கேஸ்ல கேம் குற்றவாளியே கிடையாது, சாட்சி. வேற எங்கேயோ இருந்த கோளாறை முதல்ல காட்டிக்கொடுத்தது கேம். காட்டிக்கொடுத்தவனையே பிடிச்சு உள்ளே போட்டிருக்கோம். அதனால இந்தப் பதிவு அந்தப் பையன் தரப்பு வக்கீல் வாதம்னு வெச்சுக்கோங்க மக்களே.

முதல்ல, ஹேங்னா என்ன?

நாம எல்லாத்தையும் "ஹேங்"னு ஒரே வார்த்தையில சொல்லிடுறோம். உண்மையில மூணு தனித்தனி வியாதி. கேம் மட்டும் மூடிக்கிட்டு டெஸ்க்டாப்புக்கு வந்தா அது ஒண்ணு. கரன்ட் போன மாதிரி பொட்டி தானா ரீஸ்டார்ட் ஆனா அது ரெண்டாவது. படம் உறைஞ்சு, மவுசும் அசையாம, சத்தம் மட்டும் சுத்திச் சுத்தி ஒரே துண்டா ஒலிச்சா அது மூணாவது, அசல் ஹேங்.

அந்த "டுர்ர்ர்" சத்தம் ஏன் வருது? கேம் ஓடும்போது அடுத்த சில மில்லி செகண்டுக்கான சத்தத்தை பிராசசர் ஒரு சின்ன மெமரித் துண்டுல போட்டுக்கிட்டே இருக்கும். சவுண்ட் சிப் அதை எடுத்து வாசிச்சுக்கிட்டே இருக்கும். பிராசசர் நின்னுபோச்சுன்னா புதுசா எழுத ஆள் இல்லை. சவுண்ட் சிப்புக்கு அது தெரியாது. பழைய துண்டையே திருப்பித் திருப்பி வாசிக்கும். எழவு வீட்டுல ரேடியோ பாடுற மாதிரி!

அந்த நேரத்துல கீபோர்டுல கேப்ஸ் லாக் அமுக்கிப் பாருங்க. விளக்கு எரிஞ்சு அணைஞ்சா விண்டோஸ் இன்னும் உயிரோட இருக்கு, கேமோ டிரைவரோ மட்டும் மாட்டிக்கிட்டு நிக்குது. விளக்கு அசையலைன்னா மாட்டிக்கிட்டது அதுக்கும் கீழே.

சரி, வேர்டுல நாள் முழுக்க டைப் அடிச்சா வராத ஹேங் கேம்ல மட்டும் ஏன் வருது? டைப் அடிக்கும்போது பிராசசர் முக்கால்வாசி நேரம் சும்மா உக்காந்திருக்கு. கேம் போட்டா பிராசசர், கிராபிக்ஸ், மெமரி, ஹார்ட் டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ் எல்லாமே ஒரே நேரத்துல முழு மூச்சா ஓடும். சூடும் கரன்ட் இழுவையும் ஒண்ணா உச்சத்துக்குப் போகும். காலி வண்டி சமதளத்துல ஓடும்போது அச்சுல இருக்கிற கீறல் தெரியாது. கரும்பு ஏத்தி மேட்டுல ஏறும்போதுதான் தெரியும். அதுக்காக கரும்பு வண்டியை முறிச்சிருச்சுன்னு சொல்ல முடியுமா?

1978: மண்ணுக்குள்ள இருந்து வந்த எதிரி

கதை கேம்கள் பெருசா வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. 1970-களின் கடைசியில இன்டெல்லோட 16 கிலோபிட் மெமரி சிப்புகள்ல தானா ஒரு 0 வந்து 1 ஆகுறதும், 1 வந்து 0 ஆகுறதுமா இருந்துச்சு. சிப்பு கெடலை, திரும்ப எழுதினா ஒழுங்கா வேலை செய்யுது. 1978-ல திமோத்தி மே, முர்ரே வுட்ஸ்னு இன்டெல்லோட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைச் சொன்னாங்க. சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில மிக மிகச் சின்ன அளவுல யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தது. அதுல இருந்து வர்ற ஆல்பா துகள் மெமரியில சேமிச்சிருந்த மின்னூட்டத்தைக் கலைச்சு விட்டுருச்சு.

அதாவது, புரோகிராம்ல தப்பே இல்லாம புரோகிராம் தப்பா ஓடலாம்னு உலகத்துக்கு ஆதாரத்தோட தெரிஞ்ச வருஷம் அது. சர்வர்களுக்கு இந்த மாதிரிப் பிழையைத் தானே திருத்துற ஈ.சி.சி மெமரி வந்துச்சு. வீட்டு டெஸ்க்டாப்புக்கு பெரும்பாலும் வரலை, விலை. 2009-ல கூகுள் தன்னோட சர்வர்களை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கும் மேலான மெமரிக் குச்சிகள்ல பிழை வந்திருந்தது. நல்ல ஏசி ரூம்ல, நல்ல கரன்ட்ல ஓடுற சர்வருக்கே இந்த நிலைமை. தகரக்கூரைக்குக் கீழே இருக்கிற பொட்டிக்கு என்ன கதின்னு நீங்களே யோசிங்க.

சாப்ட்வேர் நிஜமாவே குற்றவாளியா இருந்த காலம்

வக்கீலா இருந்தாலும் நியாயத்தைச் சொல்லணும். 1990-கள்ல சாப்ட்வேர் மேல சொன்ன பழி பெரும்பாலும் சரிதான். டாஸ் காலத்துல கேம் நேரடியா ஹார்ட்வேரைத் தொட்டு வேலை செய்யும். சவுண்ட் கார்டுக்கும் இன்னொரு கார்டுக்கும் ஒரே ஐ.ஆர்.க்யூ எண் வந்தா ரெண்டும் முட்டிக்கிட்டு நின்னுரும். விண்டோஸ் 95, 98 ரெண்டுமே பழைய டாஸையும் 16 பிட் சமாச்சாரங்களையும் முதுகுல சுமந்துக்கிட்டு வந்தது. ஒரு புரோகிராம் ஒழுங்கில்லாம நின்னா எல்லாத்தையும் சேர்த்து இழுத்துப் போட்டுரும். 1998 ஏப்ரல்ல சிகாகோவுல நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில, பில் கேட்ஸ் மேடையில நிக்கும்போதே விண்டோஸ் 98-ல ஸ்கேனரைச் சொருகினதும் நீலத் திரை வந்த கதை எல்லாருக்கும் தெரியும். அவருக்கே அப்படின்னா நமக்கு?

2001-ல எக்ஸ்பி வந்ததும் வீட்டுப் பொட்டிக்கும் என்.டி. கெர்னல் கிடைச்சது. ஒரு கேம் செத்தா அது மட்டும் சாகும்னு ஓரளவு ஆச்சு. மிச்சமிருந்த பெரிய ஓட்டை கிராபிக்ஸ் டிரைவர். அது கெர்னலுக்குள்ளேயே உக்காந்திருந்ததால அது மாட்டிக்கிட்டா மொத்த பொட்டியும் அவுட். அதுக்கு 2007-ல விஸ்டா ஒரு வைத்தியம் கொண்டுவந்துச்சு. கிராபிக்ஸ் சிப் 2 செகண்டுக்குப் பதில் சொல்லலைன்னா அதை மட்டும் ரீசெட் பண்ணி எழுப்பி விடுறது. திரை ஒரு தடவை கறுத்து, "டிஸ்ப்ளே டிரைவர் நின்னு மீண்டும் வந்துருச்சு"ன்னு ஒரு குட்டிச் செய்தி வருமே, அதுதான்.

அதே விஸ்டா சம்பந்தமான வழக்குல வெளிவந்த மைக்ரோசாப்ட் ஆவணங்கள்ல ஒரு சுவாரசியமான கணக்கு இருந்துச்சு. 2007-ல பதிவான விஸ்டா க்ராஷ்கள்ல சுமார் 29 சதவீதம் என்விடியா டிரைவர்களால வந்தது. கேமைத் திட்டினோம், விண்டோஸைத் திட்டினோம். ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருந்தவன் பேரே நமக்குத் தெரியலை.

மெகாஹெர்ட்ஸ் ஓட்டப்பந்தயமும் அடுப்பும்

2000 மார்ச்ல ஏ.எம்.டி.யும் இன்டெல்லும் ரெண்டு நாள் இடைவெளியில 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டாங்க. அதுக்கப்புறம் யாரு முந்துறதுன்னு வெறி. ஜூலை 31-ல இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ இறக்குச்சு. டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளம் நடத்தின தாமஸ் பாப்ஸ்ட் அதை வாங்கிச் சோதிச்சுப் பார்த்தா நிலையா ஓட மாட்டேங்குது. லினக்ஸ் கெர்னலை கம்பைல் பண்ணினா பாதியில ஊத்திக்குது. இன்னொரு தளத்துக்காரரும் அதையே சொன்னார். நாலே வாரத்துல, ஆகஸ்ட் 28 அன்னிக்கு இன்டெல் அந்த சிப்பைத் திரும்ப வாங்கிக்குச்சு. அந்த வேகத்துக்கு அந்த டிசைன் தாங்கலை, கதை முடிஞ்சது.

அடுத்த வருஷம் அதே தளம் எடுத்த ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுத்துச்சு. குவேக் 3 ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிராசசர் மேல இருக்கிற ஹீட்சிங்க்கைக் கழட்டி எடுத்தாங்க. பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுக்கிட்டு மெதுவா ஓடுச்சு. பென்டியம் 3 ஹேங் ஆகி நின்னுச்சு, ஆனா சாகலை. அப்போதைய ஏ.எம்.டி அத்லான் புகை விட்டுச் செத்துச்சு. சூடுன்னா என்ன ஆகும்னு மூணு விதமான பதிலை ஒரே வீடியோவுல காட்டிட்டாங்க. பென்டியம் 3 ஹேங் ஆனது ஒருவகைத் தற்காப்புன்னு கூடச் சொல்லலாம்.

2004-ல வந்த பிரெஸ்காட் ரக பென்டியம் 4-களோட வெப்பம் 100 வாட்டைத் தாண்டிச்சு. பழைய 100 வாட் குண்டு பல்பைக் கையால தொட்டுப் பார்த்தவங்களுக்கு அந்தச் சூடு தெரியும். அந்தச் சூட்டை நகம் அளவு சிலிக்கான்ல இருந்து வெளியேத்தணும். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓடுற தெருக்கள்ல பஞ்சுத் தூசி எங்கே பார்த்தாலும் பறக்கும். ஹீட்சிங்க் இடுக்குல அது ஒரு தடவை படிஞ்சா கம்பளி போர்த்தின மாதிரிதான். மேலே ஃபேன் சுத்துறதால வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. உள்ளே காத்து போக வழியே இருக்காது.

அதோட, பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவுல பூசுற தெர்மல் பேஸ்ட் ரெண்டு மூணு வருஷத்துல காஞ்சு போகும். சங்கரன்கோவில் போனா நாம புற்றுமண் பூசிக்கிறோம். பிராசசரும் பாவம், அதோட புற்றுமண்ணைத்தான் கேட்டுச்சு. நாம பார்மட் அடிச்சுக்கிட்டு இருந்தோம் :-)

கண்டன்சர் கொள்ளைநோய்

இப்போ வர்றது எனக்குப் பிடிச்ச அத்தியாயம். வீட்டுல சீலிங் ஃபேன் மெதுவா சுத்துச்சுன்னா எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டு "கண்டன்சர் போச்சு"ன்னு சொல்லி மாத்துவார். மோட்டார் ரூம்லயும் அதே பேருதான். அதோட சின்னத் தம்பிகள்தான் மதர்போர்டுல பிராசசரைச் சுத்தி நிக்கிற குட்டிக் குட்டி டப்பாக்கள், கெப்பாசிட்டர்கள். அங்கே அதோட வேலை மேல்நிலைத் தொட்டி வேலை. வர்ற தண்ணி கூடக் குறைய வந்தாலும் குழாயில சீரா விழணும் இல்லையா? அதே மாதிரி பிராசசர் திடீர்னு அதிகமா இழுக்கும்போதும் வோல்டேஜ் சரியாம பிடிச்சு வைக்கும்.

1999-ல இருந்து கிட்டத்தட்ட 2007 வரைக்கும் தைவான்ல தயாரான கெப்பாசிட்டர்கள் கோடிக்கணக்குல காலத்துக்கு முன்னாடியே செத்துச்சு. உள்ளே இருந்த எலெக்ட்ரோலைட் திரவத்தோட கலவை சரியில்லை. நீர் அதிகம் உள்ள அந்தத் திரவம் அலுமினியத்தோட வினை புரிஞ்சு ஹைட்ரஜன் வாயு உண்டாகும். டப்பா உப்பும், தலை வெடிச்சு பழுப்பு நிறத்துல கசியும். 2002 கடைசியில இது வெளியில வந்தப்போ கூடவே ஒரு கதையும் சுத்துச்சு. ஜப்பான் கம்பெனி ஒண்ணோட எலெக்ட்ரோலைட் பார்முலாவைத் திருடிட்டுப் போனவங்க, பாதியை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு. சினிமா மாதிரி இருக்கிறதால அந்தக் கதை நல்லா ஓடுச்சே தவிர, அது கோர்ட்டுல நிரூபிக்கப்பட்ட விஷயம் கிடையாது. செத்த மதர்போர்டுகள் மட்டும் நிஜம்.

கெப்பாசிட்டர் ஒரேயடியா சாகாது. கொஞ்சம் கொஞ்சமா பலம் குறையும். டைப் அடிக்கிறதுக்குத் தாங்கும், பாட்டு கேட்கத் தாங்கும். கேம் போட்டா தொட்டி காலி. வோல்டேஜ் ஒரு நொடியோட லட்சத்துல ஒரு பங்கு நேரம் சரிஞ்சா போதும், பிராசசர் நின்னுரும். பார்மட் அடிச்சா சரியாகுமா? ஆகாது. அந்தச் சில நாள் நிம்மதி கூட, மறுபடி கேம் இன்ஸ்டால் பண்ண எடுத்துக்கிட்ட நாள்தான்.

இதுல சிக்கின பெரிய கம்பெனி டெல். ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 மாதிரி ஆபீஸ் பொட்டிகள் வரிசையா விழுந்துச்சு. 2005-ல இதுக்காக 30 கோடி டாலர் ஒதுக்கினாங்க. 2003 மே முதல் 2005 ஜூலை வரை வித்ததுல சுமார் 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஆபத்து இருந்ததுன்னு பின்னாடி ஒரு வழக்குல வெளிவந்த ஆவணங்கள் சொல்லிச்சு. 2010-ல நியூயார்க் டைம்ஸ் இதை எழுதினப்போ ஒரு சம்பவம் வந்திருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில டெல் பொட்டிகள் வரிசையா கெட்டுப்போச்சு. டெல் ஆய்வு பண்ணிட்டு என்ன காரணம் சொல்லிச்சு தெரியுமா? ரொம்பக் கஷ்டமான கணக்குகளைப் போடவெச்சு கம்ப்யூட்டரை வருத்திட்டீங்களாம்!

படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கோபம் வந்துச்சு. ராயகிரியில ஒரு பையனுக்குக் கிடைச்ச அதே தீர்ப்பு. அமெரிக்காவுல ஒரு கணிதத் துறைக்கும் அதேதான். கம்ப்யூட்டர்ல கணக்குப் போடக் கூடாதுன்னா வேற எதுக்கு வாங்குறது, மேல துணி போட்டு மூடி பொட்டு வெச்சுப் பூஜை பண்ணவா? (அதையும் பண்ணியிருக்கோம், அது வேற கதை.)

நம்ம ஊர் கரன்ட்

இனி நம்ம மண்ணுக்கு வருவோம். மேல சொன்னதெல்லாம் 24 மணி நேரமும் சீரான மின்சாரம் வர்ற நாடுகள்ல நடந்தது. நம்ம ஊர்ல அதுக்கு மேல ஒரு அடுக்கு உண்டு.

வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட்டுல 6 சதவீதம் கூடலாம், குறையலாம்னு 1956-ம் வருஷ மின்சார விதி சொல்லுச்சு. அதாவது 216-க்குக் கீழே வரக் கூடாது. மலையடிவாரத்து ஊர்கள்ல கிணத்து மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஓடுற நேரத்துல வீட்டுல டியூப் லைட் எரியாம சிமிட்டிக்கிட்டே இருக்குமே, அப்போ இந்த விதி எங்கே போச்சுன்னு கேட்காதீங்க. 1990-ல இருந்து தமிழ்நாட்டுல விவசாயத்துக்கு இலவச மின்சாரம். விவசாயிக்கு அது உயிர் நாடி, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. டிரான்ஸ்பார்மர், லைன் எல்லாம் அந்தச் சுமைக்கு ஏத்த மாதிரி வளராததுதான் பிரச்சினை. லைனோட கடைசி வீட்டுல இருக்கிறவனுக்கு மிச்சம் மீதி வோல்டேஜ்.

கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ் பொதுவா 180 வோல்ட் வரைக்கும் தாங்குற மாதிரி டிசைன் பண்ணுவாங்க. கரன்ட் கண் சிமிட்டுற நேரத்துக்குத் தாக்குப் பிடிக்க உள்ளே ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். முழு லோடுல சுமார் 17 மில்லி செகண்ட் தாங்கணும்னு ஏ.டி.எக்ஸ் வரையறை. நம்ம மின்சாரத்துல ஒரு சுழற்சியே 20 மில்லி செகண்ட். அந்தக் கெப்பாசிட்டர்ல இருக்கிற ஆற்றல் வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதிலா 180 வந்தா ஆற்றல் 61 சதவீதமாக் குறையும். யு.பி.எஸ் பேட்டரிக்கு மாற எடுத்துக்கிற நேரம் 4 முதல் 10 மில்லி செகண்ட். வோல்டேஜ் இறங்க இறங்க யு.பி.எஸ் "டக் டக்"னு மாறி மாறி அடிச்சுக்கிட்டே இருக்கும். இந்த நேரத்துல கேம் ஓடிச்சுன்னா இழுவையும் அதிகம், கையிருப்பும் கம்மி. அசெம்பிள் பொட்டியில மேலே 450 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டின, கையில எடுத்தா வெயிட்டே இல்லாத எஸ்.எம்.பி.எஸ் வேற இருந்துட்டா... விளங்கிரும்.

2008-ல ஆரம்பிச்ச மின்வெட்டு 2012-ல உச்சத்துக்குப் போச்சு. சென்னைக்கு ரெண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களுக்கு அதைவிடப் பல மணி நேரம். 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல் நடந்தப்போ ஊரெல்லாம் மின்வெட்டுப் பேச்சுதான். மறுநாளே கூடங்குளம் அணுமின் நிலைய வேலையைத் தொடரலாம்னு மாநில அமைச்சரவை முடிவு எடுத்துச்சு. மணிக்கு ஒரு தடவை போய்ப் போய் வந்த அந்தக் கரன்ட்ல, ஒவ்வொரு தடவை திரும்ப வரும்போதும் ஒரு அதிர்ச்சியை எஸ்.எம்.பி.எஸ் வாங்கிக்கிச்சு. யு.பி.எஸ் பேட்டரி முழுசா சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்கலை. அந்த வருஷங்கள்ல செத்த மதர்போர்டுகளுக்கும் பேட்டரிகளுக்கும் யாரும் கணக்கு எடுக்கலை. கணக்கு எல்லாம் பையன் பேர்லதான் எழுதியிருக்கு.

2011 செப்டம்பர்ல தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்தை இந்தக் கோணத்துல யாரும் பார்த்ததா தெரியலை. பல வீடுகளுக்கு அதுதான் கரன்ட் போனாலும் சாகாத முதல் கம்ப்யூட்டர். பேட்டரி உள்ளேயே இருக்கிறதால லோ வோல்டேஜ் பஞ்சாயத்து அங்கேயே முடிஞ்சிரும்.

ஈயம் போன கதை, சுருக்கமா

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவுல மின்னணுப் பொருட்கள்ல ஈயத்துக்குக் கட்டுப்பாடு. உலகமே ஈயமில்லாத பற்றாசுக்கு மாறிச்சு. சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனா புது பற்றாசு விறைப்பானது, சூடாகி ஆறிச் சூடாகி ஆறி விரிசல் விடுறதுல பழசை விட வேற மாதிரி. டிசைன்கள் அதுக்குப் பழகக் கொஞ்ச காலம் ஆச்சு. அதே காலத்துல எக்ஸ்பாக்ஸ் 360-கள் சிவப்பு வளையம் காட்டிச் செத்து, 2007-ல மைக்ரோசாப்ட் வாரன்டியை நீட்டிக்க 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்குச்சு. 2008 ஜூலையில என்விடியா, லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகளோட பேக்கேஜிங்ல வந்த பலவீனத்துக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கிச்சு. ரெண்டுலயும் முதல்ல கதறினது யாரு? கேம் ஆடினவங்க.

2024: கடைசி சாட்சி

இதெல்லாம் பழைய கதை, இப்போ எல்லாம் தரம் கூடிருச்சுன்னு நினைக்கிறவங்களுக்கு இது. 2022 அக்டோபர்லயும் 2023 அக்டோபர்லயும் வந்த இன்டெல்லோட 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள். ஐ9, ஐ7னு விலை உச்சத்துல இருந்த சரக்கு. அன்ரியல் எஞ்சின்ல செஞ்ச கேம்களைத் திறந்தா "வீடியோ மெமரி பத்தலை"ன்னு ஒரு பிழைச் செய்தி வந்து கேம் சாகும். ஜனங்க என்ன பண்ணுவாங்க? கேமைத் திட்டினாங்க. டிரைவரை மாத்தினாங்க. சில பேர் கிராபிக்ஸ் கார்டையே மாத்தினாங்க.

2024 பிப்ரவரியில, கேம்களுக்கு டேட்டா சுருக்குற மென்பொருள் செய்யுற ராட் கேம் டூல்ஸ் ஒரு விளக்கம் போட்டாங்க. எங்க மென்பொருள்லயோ அன்ரியல்லயோ தப்பு இல்லை, சில இன்டெல் பிராசசர்கள்ல டேட்டாவை விரிக்கும்போது கணக்கே தப்பா வருது, அதனாலதான் சம்பந்தமில்லாத மெமரிப் பிழை காட்டுதுன்னு. ஏப்ரல்ல என்விடியாவும் "இன்டெல்கிட்ட போய்க் கேளுங்க"ன்னு கை காட்டிச்சு. ஜூலையில இன்டெல், மைக்ரோகோடு தப்பா அதிக வோல்டேஜ் கேட்டதுதான் காரணம்னு ஒத்துக்கிச்சு. ஆகஸ்ட்ல ஒரு திருத்தம், செப்டம்பர்ல இன்னொரு திருத்தம். பெட்டியில வாங்கின பிராசசர்களுக்கு வாரன்டி 3-ல இருந்து 5 வருஷம் ஆச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, அதிக வோல்டேஜால சிப்புக்குள்ள கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோற சர்க்யூட் தேய்ஞ்சுபோனா அதை எந்த அப்டேட்டும் சரி பண்ணாது. சிப்பையே மாத்தணும். ரெண்டு, பொட்டி கிட்டத்தட்ட சும்மா இருக்கும்போது கூட அந்த அதிக வோல்டேஜ் போயிருக்குன்னு இன்டெல்லே சொல்லிச்சு. அதாவது கேம் ஆடாதவன் வீட்டுலயும் சிப்பு தேய்ஞ்சிருக்கு. அவனுக்குத் தெரியலை, அவ்வளவுதான். கேம் ஆடினவனுக்குத் தெரிஞ்சது.

அப்போ எந்த வரிசையில பார்க்கணும்?

இவ்வளவு வரலாறும் சேர்ந்து ஒரு செக்லிஸ்ட் குடுக்குது. செலவில்லாததுல இருந்து ஆரம்பிங்க.

முதல்ல சைடு பேனலைக் கழட்டி தூசியைத் தட்டுங்க. ஃபேன் சுத்துதான்னு பார்க்கிறதோட விடாம ஹீட்சிங்க் இடுக்குல காத்து போகுதான்னு பாருங்க. அப்படியே கெப்பாசிட்டர் தலைகளைப் பாருங்க. தட்டையா இருக்கணும், உப்பியிருந்தா போர்டு கதை முடியப்போகுது.

அடுத்து சூடு. இலவசமா கிடைக்கிற ஏதாவது மானிட்டர் மென்பொருளைப் போட்டு கேம் ஓடும்போது எவ்வளவு போகுதுன்னு குறிச்சு வைங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே டிகிரியில நின்னா பேஸ்ட் மாத்துற நேரம்.

மூணாவது மெமரி. 1994-ல கிறிஸ் பிரேடி எழுதின மெம்டெஸ்ட்86, அதோட வாரிசு மெம்டெஸ்ட்86 பிளஸ், எதையாவது ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ரெண்டு குச்சி இருந்தா ஒவ்வொண்ணா போட்டுச் சோதிங்க.

நாலாவது பிராசசரைத் தனியா சோதிக்கிறது. பகா எண் தேடுறதுக்காக ஜார்ஜ் வோல்ட்மன் எழுதின பிரைம்95-ல ஒரு சித்திரவதைச் சோதனை உண்டு. அதுலயும் பொட்டி விழுந்தா கேம் மேல சந்தேகமே வேண்டாம். அது ராத்திரி பூரா ஓடி, கேம்ல மட்டும் விழுந்தா கிராபிக்ஸ் கார்டு, டிரைவர், எஸ்.எம்.பி.எஸ் பக்கம் போங்க.

அஞ்சாவது எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவுல நிக்கணும். ஃபிரண்டு வீட்டுல இருந்து நல்லதா ஒண்ணு கடன் வாங்கி மாத்திப் பார்க்கிறதுதான் சுருக்கு வழி. அதோட எர்த் சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. கேபினெட்டைத் தொட்டா ஜிவ்வுன்னு அடிக்கிற வீடுகள் இன்னும் நிறைய.

இது எல்லாம் முடிஞ்சப்புறம் டிரைவர், பயாஸ் அப்டேட், கடைசியில வேணும்னா பார்மட். நம்ம ஊர்ல இந்த வரிசை அப்படியே தலைகீழா நடக்கும்.

1978-ல பீங்கான் உறை, 2000-ல அவசரம், 2002-ல எலெக்ட்ரோலைட், 2012-ல மின்வெட்டு, 2024-ல மைக்ரோகோடு. வியாதி இருந்த இடம் ஒவ்வொரு தடவையும் வேற வேற. கேம் மேலயும், அதை ஆடினவன் மேலயும் விழுந்த பழி மட்டும் அதேதான். அடுத்த தடவை யாராவது "கேம் ஆடிக் கெடுத்துட்டான்"னு சொன்னா, அவங்க கையில ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க. முதல்ல திறந்து பார்க்கட்டும், அப்புறம் திட்டட்டும்.

உங்க வீட்டுப் பொட்டி எதுல ஹேங் ஆச்சு, கடைசியில என்ன காரணம்னு தெரிஞ்சது? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: மதர்போர்டு வரைக்கும் கை வைங்க, எஸ்.எம்.பி.எஸ் டப்பாவை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினப்புறமும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல கொஞ்ச நேரம் நிக்கும். பையனுக்கு விடுதலை வாங்கிக் குடுத்த கையோட ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை.